'என் பொண்ணு எழுதினா தப்பா இருக்காது!' - கேரப் பவுடர் எனக்குக் கொடுத்த பாடம்

"புதுசா எதுவும் சாப்பிட ஆரம்பிச்சிருக்கீங்களா?"

டாக்டர் இப்படிக் கேட்டதும் அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வழக்கமான சாப்பாடுதான் டாக்டர். ராத்திரி மட்டும் கேரப் பவுடர் போட்ட பால். நடுவுல மூணு, நாலு லட்டு. அதுவும் கேரப்தான், பயப்படாதீங்க. அதுல சர்க்கரையே கிடையாது. என் பொண்ணு எழுதியிருக்கா. அவ எழுதினா தப்பா இருக்காது" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். ஹெச்பிஏ1சி 8.6. நான்கு மாதங்களுக்கு முன் அதே லேபில் எடுத்தபோது 7.1.

நான் தரையைப் பார்த்தேன்.

இது நடந்தது 2024 ஆகஸ்ட்டில். அன்றிலிருந்து எழுத நினைத்து, ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கட்டுரை இது. எழுத வெட்கமாக இருந்தது. ஆனால் போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்த ஒரு ஃபார்வர்டைப் பார்த்த பிறகு, இனியும் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாற்பது நிமிடத்தில் எழுதிய கட்டுரை

ஜர்னலிசம் டிப்ளோமா முடித்த கையோடு சென்னையில் ஓர் இணையதளத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அதுதான் என் முதல் வேலை. ஒரு நாளைக்கு ஆறு கட்டுரைகள் கொடுக்க வேண்டும். எழுதி முடிப்பதற்குள் அடுத்தது காத்திருக்கும்.

2024 மார்ச் கடைசியில், சர்வதேச சந்தையில் கோகோ விலை முதன்முறையாக ஒரு டன் 10,000 டாலரைத் தாண்டியது. உலகத்துக்குத் தேவையான கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே வானிலையும் மரங்களைத் தாக்கிய நோயும் சேர்ந்து விளைச்சலைக் கெடுத்ததால் வந்த விலையேற்றம் அது.

"சாக்லேட் விலை ஏறப்போகுது. கோகோவுக்கு மாற்று என்னன்னு ஒரு ஸ்டோரி போடு. ஹெல்த் ஆங்கிள் இருந்தா நல்லா போகும்" என்றார் எடிட்டர்.

தேடினேன். கேரப் என்ற பெயர் கிடைத்தது. நாலைந்து ஆங்கிலக் கட்டுரைகளைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினேன். அவற்றில் ஒன்றில், 'இது இயற்கையிலேயே இனிப்பானது என்பதால் தனியாகச் சர்க்கரை சேர்க்கத் தேவையில்லை' என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அதை நான் 'சர்க்கரை இல்லாதது' என்று எழுதினேன்.

சர்க்கரை சேர்க்காதது வேறு, சர்க்கரை இல்லாதது வேறு. நிதானமாகப் படித்திருந்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். எனக்கு அன்று அந்த நிதானம் இல்லை. 'சாக்லேட் சுவை... சர்க்கரை ஜீரோ! சர்க்கரை நோயாளிகளும் தைரியமாகச் சாப்பிடலாம்!' என்று தலைப்பும் நானே வைத்தேன். மொத்தம் நாற்பது நிமிடம். கேரப் பவுடரை அதுவரை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

அந்த வாரம் எங்கள் தளத்தில் அதிகம் படிக்கப்பட்ட கட்டுரைகளில் அதுவும் ஒன்று. மீட்டிங்கில் பாராட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் லிங்க்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

பதினோரு வருடம் கழித்து ஓர் இனிப்பு

அப்பா விருதுநகரில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார். சனிக்கிழமை ராத்திரி கடையடைத்துவிட்டு வரும்போது சட்டைப் பையில் ஒரு சாக்லேட் இருக்கும். மூன்றாக உடைப்பார். பெரிய துண்டு எனக்கு, அடுத்தது அம்மாவுக்கு, காகிதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் தூளோடு சின்னத் துண்டு அவருக்கு.

நான் ஸ்கூலில் படிக்கும்போது அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரியவந்தது. அன்றோடு இனிப்பை விட்டார். சனிக்கிழமை சாக்லேட் மட்டும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டாக உடைத்தார். காகிதத்தை மட்டும் ஒருமுறை மூக்கருகே கொண்டுபோய்விட்டுக் கசக்கிப் போடுவார்.

என் கட்டுரையைப் படித்த அம்மா அன்றைக்கே ஆன்லைனில் அரை கிலோ கேரப் பவுடர் ஆர்டர் போட்டுவிட்டார். ராத்திரிப் பாலில் குவித்து இரண்டு பெரிய ஸ்பூன். அதோடு விட்டாரா? பேரீச்சம்பழம், முந்திரி, நெய் சேர்த்துக் கேரப் லட்டு வேறு. 'வெள்ளைச் சர்க்கரை ஒரு துளி இல்லையே' என்று அவருக்கு நிம்மதி.

"பாப்பா, பதினோரு வருஷம் கழிச்சு வயிறார இனிப்பு சாப்பிடுறேன்" என்று அப்பா போனில் சொன்னார். அந்தக் குரல் இன்னமும் காதில் இருக்கிறது. அப்போது நான் சந்தோஷப்பட்டேன்.

பாக்கெட்டின் பின்பக்கம்

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "வீட்டுக்குப் போய் அந்தப் பாக்கெட்டைத் திருப்பி, பின்னாடி என்ன போட்டிருக்குன்னு படிச்சுப் பாருங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

படித்தேன். நூறு கிராமில் மொத்தச் சர்க்கரை 46 கிராம். கிட்டத்தட்ட பாதி! பிராண்டுக்கு பிராண்டு இது கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் பொதுவாகவே கேரப் பவுடரில் 40 முதல் 50 சதவிகிதம் வரை சர்க்கரைதான். யாரும் கலந்தது இல்லை, அந்தக் காயிலேயே இருக்கிற சர்க்கரை. இனிப்பில்லாத சாதாரண கோகோ பவுடரிலோ நூறு கிராமுக்கு 2 கிராம்கூடத் தேறாது. அதாவது, நான் எழுதியதற்கு நேர் எதிர்!

ஒரு டேபிள்ஸ்பூன் கேரப் பவுடர் என்பது சுமார் 6 கிராம். அதில் கிட்டத்தட்ட 3 கிராம் சர்க்கரை. இது பெரிய விஷயமில்லை. ஆனால் குவித்து இரண்டு ஸ்பூன், அதோடு நான்கு லட்டு, அந்த லட்டில் பேரீச்சை என்று கூட்டிப் பார்த்தால் எங்கேயோ போகிறது. பேரீச்சம்பழத்தின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த முறை போனபோது டாக்டர் ஒன்று சொன்னார்: "பவுடரை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. இதுல நார்ச்சத்து நிறைய இருக்கு. ஒரு ஸ்பூன் சாப்பிட்டா ஒண்ணும் ஆகியிருக்காது. 'சர்க்கரையே இல்லை'ன்னு நம்பினதாலதான் அளவு போச்சு." அப்பாவிடம் அந்த அளவுக் கட்டுப்பாடு பதினோரு வருடமாக இருந்தது. அதைப் பறித்தது என் தலைப்பு.

அப்படியானால் கேரப் கெட்டதா?

இல்லவே இல்லை. குற்ற உணர்ச்சியில் இதைப் பற்றி நிஜமாகவே படிக்க ஆரம்பித்தபோதுதான், இது எவ்வளவு சுவாரஸ்யமான மரம் என்று தெரிந்தது.

மத்தியதரைக் கடல் பகுதி மரம் இது. ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி, மொராக்கோ, துருக்கி, சைப்ரஸ் என்று வறண்ட, கல் நிறைந்த நிலங்களிலும் வளரும். நம் புளிய மரத்தைப் போலவே பயறு வகைக் குடும்பம்தான். நீளமான காய்கள், பழுத்தால் கரும்பழுப்பு நிறம். துருக்கியில் இதன் பெயருக்கு 'ஆட்டுக் கொம்பு' என்று அர்த்தம். காயை உடைத்து விதையை எடுத்துவிட்டு, சதைப் பகுதியை வறுத்து அரைத்தால் கேரப் பவுடர்.

கரும்புச் சர்க்கரை எல்லோர் வீட்டுக்கும் வருவதற்கு முன், அந்த ஊர்களில் இனிப்பு என்றால் இதுவும்தான். லெபனானிலும் சைப்ரஸிலும் இந்தக் காயிலிருந்து பாகு காய்ச்சுகிறார்கள். எகிப்தில் ரமலான் மாதத்தில் இதை ஊறவைத்த பானம் பிரபலம். மால்டா தீவில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், மற்ற இனிப்புகளைத் தவிர்க்கிறவர்களுக்காகவே இதில் மிட்டாய் செய்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்தத் தீவு முற்றுகையில் தவித்தபோது, பசிக்குக் கைகொடுத்தவற்றில் இந்தக் காயும் ஒன்று. சைப்ரஸில் ஒரு காலத்தில் இதற்குக் 'கறுப்புத் தங்கம்' என்றே பெயர்.

இங்கே எங்கும் யாரும் இதை 'சாக்லேட் மாதிரி' என்று சாப்பிடவில்லை என்பதைக் கவனியுங்கள். அது அவர்களுக்குக் கேரப், அவ்வளவுதான். 1970-களில் அமெரிக்காவில் ஆரோக்கிய உணவு அலை அடித்தபோதுதான் 'சாக்லேட்டுக்கு மாற்று' என்ற பட்டத்தைப் பெரிதாகச் சூட்டினார்கள். சாக்லேட் என்று நம்பிக் கடித்த குழந்தைகள் ஏமாந்துபோனார்கள். அந்தத் தலைமுறையில் பலருக்குக் கேரப் என்றாலே இன்றும் முகம் சுளிக்கும்.

நீங்களும் கேரப் மரத்திலிருந்து வந்ததை ஏற்கெனவே சாப்பிட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஐஸ்க்ரீம் டப்பாவின் பின்னால் 'ஸ்டெபிலைசர் 410' என்று இருக்கிறதா பாருங்கள். அது இந்த விதையிலிருந்து எடுக்கப்படும் பசைதான்.

அந்த விதைக்கு இன்னொரு கதையும் உண்டு. வைரத்தை எடைபோடும் 'காரட்' என்ற சொல், இந்தக் காயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் ஊர் ஆசாரிகள் குன்றிமணியை வைத்துத் தங்கம் நிறுத்த மாதிரி, அங்கே கேரப் விதை. எல்லா விதையும் ஒரே எடை இருக்கும் என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். 2006-ல் ஆராய்ச்சியாளர்கள் விதைகளை எடைபோட்டே பார்த்துவிட்டார்கள். மற்ற மரங்களின் விதைகளைப் போல இதிலும் எடை கூடக்குறையத்தான் இருந்ததாம்! கேட்க அழகாக இருக்கும் தகவலை நிறுத்துப் பார்க்காமல் பரப்பியது நான் மட்டும் இல்லை என்று ஓர் அற்ப ஆறுதல்.

கோகோவா, கேரபா?

இந்த முறை லேபிளையும் ஊட்டச்சத்து அட்டவணையையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எல்லாம் நூறு கிராமுக்குத் தோராயக் கணக்கு.

கலோரி: இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 220 முதல் 230 வரை. 'கேரப் சாப்பிட்டால் எடை குறையும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கொழுப்பு: கோகோவில் சுமார் 14 கிராம், கேரபில் ஒரு கிராமுக்கும் கீழ்.

புரதம்: கோகோவில் சுமார் 20 கிராம், கேரபில் 5 கிராமுக்கும் குறைவு.

கால்சியம்: கேரபில் சுமார் 350 மில்லிகிராம், கோகோவில் 130. இங்கே கேரப் ஜெயிக்கிறது.

இரும்புச்சத்து: கோகோவில் சுமார் 14 மில்லிகிராம், கேரபில் 3. இங்கே கோகோ.

நார்ச்சத்து: இரண்டிலும் தாராளம், 40 கிராமை ஒட்டி.

கேரபின் நிஜமான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அதில் கஃபைன் இல்லை. கோகோவில் உண்டு. காபி, சாக்லேட் சாப்பிட்டால் தூக்கம் வராதவர்கள், படபடப்பு வருகிறவர்கள், ராத்திரியில் சாக்லேட் பால் கேட்டு அடம்பிடிக்கும் குழந்தைகள்... இவர்களுக்குக் கேரப் நல்ல மாற்று. சர்க்கரை நோயாளிகளுக்கோ, அது கணக்கில் வைத்துச் சாப்பிட வேண்டிய இன்னோர் இனிப்பு. அவ்வளவே. கடையில் விற்கும் கேரப் பார்களில் பாமாயில் வகைக் கொழுப்பும் கூடுதல் சர்க்கரையும் சேர்ப்பதுண்டு. அதனால் அதற்கும் லேபிளைப் படியுங்கள்.

அம்மாவின் சமையலறையில்

மிச்சமிருந்த பவுடரை அம்மா தூக்கிப்போடவில்லை. "அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். நானும் அவரும் சேர்ந்து கற்றுக்கொண்டது இது.

முதலில் கோகோ போடும் அதே அளவு போட்டு, அதே அளவு சர்க்கரையும் போட்டுக் குக்கரில் கேக் செய்தோம். திகட்டியது. அடியும் பிடித்துவிட்டது. கேரபில் இயற்கையாகவே சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் கருகும். அதனால் தீயைக் குறைக்க வேண்டும், சர்க்கரையையும் பாதியாவது குறைக்க வேண்டும். கோகோவில் இருக்கும் கொழுப்பு இதில் இல்லாததால் கேக் வறண்டுபோகும். ஒரு ஸ்பூன் வெண்ணெய் கூடுதலாகச் சேர்த்தால் சரியாகிவிடும்.

பாலில் நேரடியாகப் போட்டால் கட்டி தட்டும். சலித்து, கொஞ்சம் வெந்நீரில் குழைத்துக்கொண்டு பிறகு பாலில் கலந்தால் நன்றாகச் சேரும். கனிந்த வாழைப்பழம், பட்டை, சுக்கு, ஏலக்காய், வால்நட் இவற்றோடு கேரப் ரொம்ப நன்றாகப் பொருந்துகிறது. கேழ்வரகு மால்ட்டில் ஒரு டீஸ்பூன் போட்டு, துளி சுக்குத் தூள் சேர்த்தால், வேறு இனிப்பே வேண்டாம் என்று தோன்றும். சாக்லேட்டின் கசப்பும் வழவழப்பும் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். வராது.

அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "இது சாக்லேட் இல்ல பாப்பா. கருப்பட்டிக்குத் தம்பி." நாலு ஆங்கிலக் கட்டுரைகள் சொல்லாததை அவர் நாக்கு சொல்லிவிட்டது.

அப்பா சொன்ன பருப்புக் கதை

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ராத்திரி, "சாரிப்பா" என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

அப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொன்னார். கடைக்கு வந்த ஒரு துவரம்பருப்பு மூட்டையில் கேசரிப் பருப்பு கலந்திருந்ததாம். பத்து கிலோ விற்ற பிறகுதான், பருப்பு ஒரு பக்கம் சரிந்த மாதிரி இருப்பதைக் கவனித்திருக்கிறார். கடையை அடைத்துவிட்டு, கடன் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வாங்கிப்போன ஒவ்வொரு வீட்டுக்கும் சைக்கிளில் போய், மிச்சப் பருப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"தெரியாமதானேப்பா வித்தீங்க?" என்றேன்.

"நான் தெரியாமதான் வித்தேன். சாப்பிடுறவங்க வயித்துக்கு அது தெரியுமா பாப்பா?" என்றார். அதற்கு மேல் அவரும் எதுவும் சொல்லவில்லை.

மறுநாளே பழைய அலுவலகத்துக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். தலைப்பையும் அந்த வரியையும் திருத்திவிட்டார்கள். அப்பா லட்டை நிறுத்தினார். பழைய நடைப்பயிற்சி, பழைய அளவு. 2025 ஜனவரியில் ஹெச்பிஏ1சி 7.2 வந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் டாக்டர் சம்மதத்தோடு ஒரு டம்ளர் பாலில் ஒரு டீஸ்பூன் கேரப். டீஸ்பூனைத் தலைதட்டித்தான் போடுகிறார். கடைக்காரர் ஆயிற்றே!

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். போன வாரம் பெரியம்மா எங்கள் குடும்பக் குரூப்பில் ஒரு படத்தை ஃபார்வர்டு செய்திருந்தார். 'சாக்லேட் சுவை... சர்க்கரை ஜீரோ!' என் பழைய கட்டுரையின் ஸ்க்ரீன்ஷாட். என் பெயர் வெட்டப்பட்டிருந்தது. கீழே, 'அனைவருக்கும் பகிரவும்' என்று யாரோ சேர்த்திருந்தார்கள். பெரியம்மாவுக்கும் சர்க்கரை உண்டு.

உடனே போன் செய்து, "பெரியம்மா, அதை எழுதினதே நான்தான். அது தப்பு" என்றேன். "அப்படியா? நான் அஞ்சு பேருக்கு அனுப்பிட்டேனே" என்றார். அந்த ஐந்து பேர் எத்தனை பேருக்கு அனுப்பினார்களோ! அப்பாவிடம் கடன் நோட்டு இருந்தது. என்னிடம் அப்படி ஒன்று இல்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தப் படம் உங்கள் வீட்டுக் குரூப்புக்கும் வந்திருந்தால், தயவுசெய்து அதன் கீழே இதைப் போட்டுவிடுங்கள். கேரப் பாக்கெட் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் தூக்கிப்போட வேண்டாம். திருப்பி, பின்பக்கத்தைப் படித்துவிட்டு, ஒரு டீஸ்பூன் மட்டும் போடுங்கள்.